சொல்லின் வாலைப் பார்க்கப் பழக்குங்கள்: சீனம் பேசும் மாணவருக்கு ஆங்கில இலக்கணமும் வாசிப்பும்

சீன மாணவர் ஒருவருக்கு ஆங்கிலம் சொல்லித்தர உட்காரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்: டியூஷன் ஆசிரியர்கள், பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் தங்கும் நண்பர்கள், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள். நானும் சில வருடம் இந்த வேலையைச் செய்தேன். முதல் மாணவிக்கு இலக்கண விதிகளை அடியிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் நோட்டை எடுத்துக் காட்டினாள். நான் சொன்ன விதிகள் அத்தனையும் அதில் இருந்தன. நான் சொல்லாத விலக்குகள்கூட மூன்று நிற மையில் இருந்தன. அதே மாணவி அன்று எழுதிய பத்தியின் முதல் வாக்கியம்: "யெஸ்டர்டே ஐ கோ டு தி லைப்ரரி."

சீனப் பள்ளிகளில் 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதற்காக வருடக்கணக்கில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு விதி தெரியாமல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலம் தன் இலக்கணத்தைச் சொல்லின் வாலில் ஒட்டி வைக்கிறது: எஸ், இடி, ஐஎன்ஜி. பெயர்ச்சொல்லின் விளக்கத்தையும் அந்தப் பெயருக்குப் பின்னால்தான் தொங்கவிடுகிறது. சீனத்தில் இரண்டும் இல்லை. அங்கே சொல்லுக்கு வால் கிடையாது, விளக்கம் முன்னால் வந்துவிடும். பிறந்தது முதல் அப்படியே படித்துப் பழகிய கண், சொல்லின் தலையைப் பார்த்ததும் அடுத்த சொல்லுக்குத் தாவுகிறது. எழுதும்போது எஸ் விட்டுப்போவதும், வாசிக்கும்போது நீண்ட வாக்கியத்தில் தடுமாறுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். அதனால் இலக்கணத்தையும் வாசிப்பையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்காமல் கீழே உள்ள வரிசையில் போகச் சொல்கிறேன்.

முதல் படி: அவர்கள் மொழியைக் கொஞ்சம் கேளுங்கள்

சீனம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஐந்தாறு விஷயம் தெரிந்தால் போதும், பாதித் தவறுகளுக்குக் காரணம் புரிந்துவிடும். வினைச்சொல் மாறவே மாறாது: நேற்றும் 'ச்சு', இன்றும் 'ச்சு', நாளையும் 'ச்சு'. காலத்தை 'நேற்று', 'நாளை' என்ற சொற்கள் பார்த்துக்கொள்ளும். பொருள்களின் பெயருக்குப் பன்மை விகுதி இல்லை. 'எ', 'தி' போன்ற சொற்கள் இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் வாயில் ஒரே ஒலி, 'தா'. எழுத்தில்தான் வேறுபடும். அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹீ' என்று வாய் தவறுவதற்கு இதுதான் காரணம். கவனக்குறைவு என்று திட்டிவிடாதீர்கள்.

தமிழராக இருப்பது இங்கே பெரிய வசதி. பல இடங்களில் சீனம் ஆங்கிலத்தைவிட நமக்குப் பக்கத்தில் நிற்கிறது. "நீ வரலையா?" என்று கேட்டால் நாம் "ஆமாம், வரலை" என்கிறோம். சீனர்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அங்கே 'நோ' வர வேண்டும். 'நான் சந்தோஷம்' என்பதுபோல 'இருக்கிறேன்' இல்லாமலே அவர்கள் வாக்கியம் நிற்கும். அதிலிருந்துதான் 'ஐ வெரி ஹேப்பி' பிறக்கிறது. மருந்தை அவர்களும் சாப்பிடுகிறார்கள். பெரிய எண்களில் நமக்கு லட்சமும் கோடியும் இடறுவதுபோல அவர்களுக்குப் பத்தாயிரத்தைக் குறிக்கும் 'வான்', பத்துக் கோடியைக் குறிக்கும் 'யி' இரண்டும் இடறும். புள்ளிவிவரம் உள்ள பத்தியில் 'மில்லியன்' வந்தால் மாணவர் ஒரு விநாடி நின்று கணக்குப் போடுவதைப் பார்க்கலாம். ஓரத்தில் எண்ணை இலக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், நேரம் மிச்சமாகும்.

முதல் வாரம் மாணவரை ஒரு பக்கம் எழுதவிடுங்கள். திருத்தாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

இரண்டாம் படி: காதிலிருந்து தொடங்குங்கள்

இலக்கணப் பாடத்தில் உச்சரிப்பு எதற்கு என்று தோன்றும். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அசைகள் உயிரொலியில் முடியும், அல்லது 'ன்', 'ங்' ஒலியில் முடியும். பெய்ஜிங் பக்கம் 'ர்' சேரும். அவ்வளவுதான். 'ட்', 'ஸ்', 'க்ட்' என்று முடியும் அசை அந்த மொழியில் கிடையாது. ஆங்கிலமோ கடந்தகாலத்தையும் பன்மையையும் சரியாக அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறது. 'வாக்' என்பதற்கும் 'வாக்ட்' என்பதற்கும் நடுவே உள்ள 'ட்' காதில் விழாவிட்டால் கையிலும் வராது.

தினமும் பத்து நிமிடம் போதும். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், மாணவர் 'இன்று' அல்லது 'நேற்று' என்று மட்டும் பதில் சொல்லட்டும். "தே வாக் ஹோம்", "தே வாக்ட் ஹோம்". "தே குக் ரைஸ்", "தே குக்ட் ரைஸ்". அடுத்த நாள் 'ஒன்று', 'பல' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாத்திரங்களை மாற்றி அவரைச் சொல்லவிடுங்கள். வாலைக் கொஞ்சம் மிகையாக உச்சரித்தாலும் பரவாயில்லை. ஹாங்காங்கிலிருந்தோ குவாங்டோங்கிலிருந்தோ வந்தவர் கான்டனீஸ் என்ற இன்னொரு சீன மொழி பேசுபவராக இருந்தால் 'ப்', 'ட்', 'க்' ஒலிகள் அவர் மொழியிலேயே அசை இறுதியில் உண்டு. அவருக்கு எஸ்ஸிலும் 'க்ட்' போன்ற கூட்டொலிகளிலும் கவனம் வைத்தால் போதும்.

சீனாவில் 'யாபா யிங்யூ' என்று ஒரு சொல் புழங்குகிறது, ஊமை ஆங்கிலம் என்று பொருள். படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், வாய் திறக்காது. இந்தப் பத்து நிமிடப் பயிற்சி அதையும் சேர்த்து உடைக்கிறது.

மூன்றாம் படி: வினைச்சொல்

சீனத்தில் வினைக்குப் பின்னால் 'ல' என்று ஒரு சின்னச் சொல் வரும். மாணவர்கள் இதைக் கடந்தகாலக் குறி என்று நினைத்து, 'ல' வரும் இடத்தில் மட்டும் இடி போடுவார்கள். 'ல' காட்டுவது காலத்தை இல்லை, ஒரு செயல் முடிந்ததை. "நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்கிறோமே, அந்த 'விட்டு' செய்யும் வேலையைத்தான் 'ல'வும் செய்கிறது. சீனத்தில் அந்த வாக்கியத்திலும் 'ல' வரும், நாளை நடக்கப்போவதாக இருந்தாலும்கூட.

ஆகவே மாணவரிடம் இரண்டு கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். எப்போது நடந்தது? முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா? ஆங்கில வினைச்சொல் இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது புரிந்துவிட்டால் காலப் பட்டியலில் உள்ள பாதிப் பெயர்கள் தேவைப்படாது. 'ஹேவ் பீன்' போன்ற வடிவத்துக்கு 'குவோ' என்ற இன்னொரு சின்னச் சொல் கைகொடுக்கும். 'ச்சு குவோ' என்றால் 'போயிருக்கிறேன், அந்த அனுபவம் உண்டு'. "ஐ ஹேவ் பீன் டு ஷாங்காய்" என்பதற்கு அது மிக நெருக்கம். இந்த ஓர் எடுத்துக்காட்டு ஒரு மணி நேர விளக்கத்தைவிட வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி: பத்து வரிக் கதை ஒன்றை மாணவர் இன்று நடப்பதாக எழுதட்டும். மறுநாள் அதையே போன வருடம் நடந்ததாக மாற்றட்டும். கதை ஒன்றே, மாறுவது வால் மட்டுமே. புதிய உள்ளடக்கம் தேட வேண்டிய கவலை இல்லாதபோது முழுக் கவனமும் வினைச்சொல்லின் கடைசி எழுத்தில் போய் நிற்கும். நிபந்தனை வாக்கியங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சீனத்தில் 'ருகுவோ' என்ற ஒரே சொல் நடக்கக்கூடியதற்கும் நடக்கவே முடியாததற்கும் பொது என்பதால், 'இஃப் ஐ வேர் யூ' அவர்களுக்கு வெகுநாள் விநோதமாகத்தான் இருக்கும்.

நான்காம் படி: பெயர்ச்சொல், அதன் முன்னால் வரும் சிறுசொல்

சீனத்தில் மூன்று புத்தகம் என்று நேராகச் சொல்ல முடியாது. 'சான் பென் ஷு', மூன்று, 'பென்', புத்தகம். 'பென்' என்பது அளவுச்சொல். தாளுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று என்று வேறு வேறு அளவுச்சொற்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாப் பெயர்ச்சொல்லும் அரிசியைப்போல, அளந்துதான் எண்ண வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படிச் சில பெயர்கள் இருக்கின்றனவே: அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், ஹோம்வொர்க். 'அட்வைசஸ்' என்று எழுதும் மாணவரிடம் "இது ஆங்கிலத்தில் இருக்கும் சீனப் பெயர்ச்சொல், அளவுச்சொல் போட்டுச் சொல்" என்றால், 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' தானாக வரும். மற்றவற்றுக்கு அளவுச்சொல் போய் எஸ் வருகிறது என்று அதன்பின் காட்டுங்கள்.

'எ', 'தி' இரண்டும் நீண்ட காலம் எடுக்கும். ஆனால் அவற்றின் கருத்து சீனத்தில் இருக்கிறது, சொல் வரிசையில் ஒளிந்திருக்கிறது. 'கெ ரென் லாய் ல' என்றால் நாம் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டார். 'லாய் கெ ரென் ல' என்று திருப்பிப் போட்டால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். முதலாவதற்கு 'தி', இரண்டாவதற்கு 'எ'. இதைச் சொன்னதும் மாணவர் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம். ஒரு பத்தியில் 'தி' வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, "எது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். முன்பே சொல்லப்பட்டதாலா, உலகில் ஒன்றே இருப்பதாலா, பின்னால் விளக்கம் வருவதாலா? மூன்றாவது காரணத்தைக் குறித்து வையுங்கள். ஆறாம் படியில் அது மறுபடி வரும்.

ஐந்தாம் படி: இணைப்புச் சொற்கள்

"ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட்." சீனத்தில் 'சுய்ரான்' வந்தால் 'தான்ஷ்' வரும், 'யின்வெய்' வந்தால் 'சுவோயி' வரும், ஜோடி ஜோடியாக. ஆங்கிலம் ஜோடியில் ஒன்றைத்தான் ஏற்கும். ஒன்றை அடித்துவிடச் சொன்னால் போதும், ஒரு வாரத்தில் சரியாகும் தவறு இது.

காற்புள்ளி அப்படிச் சுலபத்தில் போகாது. சீனத்தில் நான்கைந்து முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு சின்ன வட்டம் போட்டு முடிப்பது நல்ல நடை. நீரோட்டம் போன்ற வாக்கியம் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் அதையே செய்தால் பிழை. ஒவ்வொரு காற்புள்ளியின் இரு பக்கமும் எழுவாயும் வினையும் முழுதாக இருக்கின்றனவா என்று பென்சிலால் சோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் முற்றுப்புள்ளி, அல்லது இணைப்புச் சொல்.

ஆறாம் படி: நீண்ட வாக்கியம்

இங்கேதான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். சீன மாணவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சாங் நான் ஜூ', நீளமான கடினமான வாக்கியம். இந்தப் பெயரைச் சொல்லும்போதே பல மாணவர்களின் குரலில் பயம் இருக்கும்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "தி பிரிட்ஜஸ் தட் தி ஓல்ட் மேசன் பில்ட் ஆஃப்டர் தி ஃப்ளட் ஸ்டில் ஸ்டாண்ட்." தமிழில் சொன்னால், "வெள்ளத்துக்குப் பிறகு அந்த வயதான கொத்தனார் கட்டிய பாலங்கள் இன்னும் நிற்கின்றன." சீனத்திலும் அச்சாக இதே வரிசைதான்: வெள்ளத்துக்குப் பின், கொத்தனார், கட்டிய, பாலங்கள். நம் 'கட்டிய' என்பதில் உள்ள பெயரெச்ச விகுதியின் வேலையை அங்கே 'த' என்ற சிறு சொல் செய்கிறது. விளக்கம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலம் இதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது. பாலங்களை முதலில் காட்டிவிட்டு, யார் கட்டியது, எப்போது கட்டியது என்று பின்னால் இழுத்துக்கொண்டே போகிறது. 'ஸ்டாண்ட்' வருவதற்குள் மாணவர் பாலத்தை மறந்துவிடுகிறார். வெள்ளம் நிற்கிறது, கொத்தனார் நிற்கிறார் என்று புரிந்துகொண்டவர்கள் உண்டு.

இதை நான்கு அசைவில் செய்யச் சொல்கிறேன். முதலில் வாக்கியத்தில் உள்ள வினைச்சொற்களை வட்டமிட வேண்டும்: பில்ட், ஸ்டாண்ட். அடுத்து, 'தட்', 'ஹூ', 'விச்' போன்ற சொல் இருந்தால் அங்கே ஒரு சதுர அடைப்பைத் திறக்க வேண்டும். மூன்றாவது, அடைப்பை எங்கே மூடுவது? அடைப்புக்குள் ஒரு வினை போதும். இரண்டாவது வினை தலைகாட்டும் இடத்துக்கு முன்னால் மூடிவிடலாம். கடைசியாக, அடைப்பைக் கையால் மறைத்து மீதியைப் படிக்க வேண்டும்: "தி பிரிட்ஜஸ் ஸ்டில் ஸ்டாண்ட்."

இப்போது சரிபார்க்க வாலைப் பாருங்கள். 'ஸ்டாண்ட்' என்பதில் எஸ் இல்லை. வெள்ளம் ஒன்று, கொத்தனார் ஒருவர். அவர்களில் யார் நின்றாலும் 'ஸ்டாண்ட்ஸ்' என்று இருந்திருக்கும். எஸ் இல்லாததால் நிற்பவை பலவாக இருக்க வேண்டும், அதாவது பாலங்கள். எழுதும்போது மதிப்பெண் குறைக்க மட்டும் வரும் தொல்லை என்று மாணவர் நினைத்திருந்த அந்த எஸ், வாசிக்கும்போது வாக்கியத்தின் சாவியாக நிற்பதை இங்கே அவர் தன் கண்ணால் பார்க்கிறார். முதல் மாணவி இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அதன் பிறகு அவள் எஸ்ஸை விடுவது வேகமாகக் குறைந்தது.

'தட் வாஸ்' மறைந்திருக்கும் வாக்கியங்களுக்கு இரண்டாவது மாதத்தில் போகலாம். "தி பாய் டேக்கன் டு தி ஹாஸ்பிட்டல் ஸ்மைல்ட்." சிறுவன் யாரையும் கொண்டுபோகவில்லை, அவனைத்தான் கொண்டுபோனார்கள். 'டேக்கன்' என்ற வாலைக் கவனித்தவருக்கு இது குழப்பாது.

அடுத்தது அம்புக்குறி. சீனத்தில் எழுவாயைப் பலமுறை சொல்லாமலே விட்டுவிடலாம், அல்லது பெயரையே திரும்பச் சொல்லலாம். ஆங்கிலம் 'இட்', 'தே', 'திஸ்', 'விச்' என்று சுட்டிக்கொண்டே போகும். பத்தியில் உள்ள ஒவ்வொரு சுட்டிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்கு அம்பு வரையச் சொல்லுங்கள். 'திஸ்' ஒரு முழு வாக்கியத்தைச் சுட்டும் இடங்களில் அம்பு தடுமாறும். தேர்வுக்குக் கேள்வி தயாரிப்பவர்களுக்கும் அந்த இடம்தான் பிடிக்கும்.

ஏழாம் படி: ஒரு கை ஆழமாக, ஒரு கை அகலமாக

சீன வகுப்பறையில் வாசிப்புக்கு இரண்டு பெயர் உண்டு. 'ஜிங் து' என்பது ஒவ்வொரு சொல்லாக நின்று படிப்பது, 'ஃபான் து' என்பது ஓட்டமாக நிறையப் படிப்பது. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் முதலாவதிலேயே வாழ்ந்துவிடுகிறார்கள். ஆறாம் படி முழுக்க ஜிங் து. அது வாரத்துக்கு இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம். மற்ற நாள்களில் எளிய புத்தகங்கள். நூறு சொல்லில் தெரியாதவை இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், அடுத்ததை எடுக்கலாம். 'இது சின்னப் பிள்ளை புத்தகம்' என்று மாணவரும், அவரைவிட அதிகமாகப் பெற்றோரும் முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்களே விரும்பும் 'யூ கான்', அதாவது மொழி உணர்வு, பட்டியலை மனப்பாடம் செய்து வருவதில்லை.

மனப்பாடம் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அகரவரிசைச் சொல் பட்டியல்கள் பலவற்றில் முதல் பக்கத்திலேயே வருவது 'அபாண்டன்', கைவிடு என்று பொருள். முதல் சொல்லோடு முயற்சியையே கைவிட்டோம் என்று சீன மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பது வழக்கம். பட்டியலின் பெரிய குறை, ஒரு சொல்லுக்கு ஒரே சீனப் பொருளைக் கொடுப்பது. 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று மட்டும் படித்தவர் 'அட்ரஸ் தி பிராப்ளம்' வந்ததும் திகைக்கிறார். பழகிய சொல்லின் பழகாத பொருள் என்பதற்குத் தேர்வு உலகில் தனிப் பெயரே இருக்கிறது. எனவே சொல்லை வாக்கியத்தோடு குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'கான்' என்ற ஒரே சீன வினை 'ஸீ', 'லுக்', 'வாட்ச்', 'ரீட்' நான்குக்கும் வரும் என்பதால் மறுதிசையிலும் இதே சிக்கல் உண்டு.

எட்டாம் படி: தேர்வுத் தாள்

பல மாகாணங்கள் எழுதும் புதிய தேசியத் தாளில் நேரம் 120 நிமிடம், வாசிப்புக்கு 50 மதிப்பெண். நான்கு பத்திகளில் 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2.5. இது தவிர, ஐந்து வாக்கியங்கள் உருவப்பட்ட ஒரு பத்தி கொடுத்து, ஏழு வாக்கியங்களிலிருந்து சரியான ஐந்தைப் பொருத்தச் சொல்வார்கள். அதற்கு 12.5. பல்கலைக்கழகத்தில் பின்னர் எழுதும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 710 மதிப்பெண். அதில் 425 வாங்கினால் தேறியதாகக் கொள்வது வழக்கம். வாசிப்பின் பங்கு 35 விழுக்காடு.

ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைப் பொருத்தும் பகுதிக்கு அம்புக்குறிப் பயிற்சி நேரடியாக உதவும். கோடிட்ட இடத்துக்கு அடுத்த வாக்கியம் 'தே' என்று தொடங்கினால் விடுபட்ட வாக்கியத்தில் பெரும்பாலும் பன்மைப் பெயர் ஒன்று இருக்கும்.

மற்றக் கேள்விகளில் ஒரே ஓர் ஒழுங்கைத்தான் வலியுறுத்துவேன். விடையைத் தேர்ந்ததும், பத்தியில் எந்த வரி அதைச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் ஏற்பதில்லை. 'ஆல்வேஸ்', 'ஒன்லி' உள்ள விடையைத் தள்ளிவிடு என்பது போன்ற குறுக்கு வழிகளை டியூஷன் மையங்கள் நிறையச் சொல்லித்தருகின்றன. சில நேரம் பலிக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அவை தேவைப்படாது, வாசிக்கத் தெரியாத பிள்ளையை அவை கடினமான பத்தியில் கைவிட்டுவிடும்.

ஒன்பதாம் படி: தவறு நோட்டு

'ட்சுவோ தி பென்' என்ற பழக்கம் சீன மாணவர்களிடம் ஏற்கெனவே உண்டு: தவறாகச் செய்த கணக்கையும் கேள்வியையும் எழுதி வைக்கும் நோட்டு. அருமையான பழக்கம். அதன் வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். சரியான விடையை எழுதுவதோடு நிறுத்தாமல், தான் எழுதிய வாக்கியம், அதைச் சீனத்தில் எப்படிச் சொல்வோம், ஆங்கிலம் எங்கே விலகுகிறது என்று மூன்று வரி. மூன்றாவது வரியை மாணவரே தன் சொற்களில் எழுத வேண்டும், சீனத்தில் எழுதினாலும் சரி. ஞாயிறு மாலை அந்த வாரத் தவறுகளை எண்ணினால் எந்த வால் இன்னும் விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரே வாலைத்தான் திருத்துவது என் வழக்கம். அந்த வாரம் எஸ் என்றால் எஸ் மட்டும், 'தி' தவறாக இருந்தாலும் சிவப்பு மை படாது. பக்கம் முழுக்கச் சிவப்பாகப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் பாதுகாப்பான நான்கு சொல் வாக்கியங்களையே எழுதும்.

மூன்று மாதம் ஆனதும், முதல் வாரம் எடுத்து வைத்த பக்கத்தை வெளியே எடுங்கள். உங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு மாணவரையே திருத்தச் சொல்லுங்கள். வினைகளின் வாலைப் பெரும்பாலும் பிடித்துவிட்டு 'எ', 'தி' இரண்டைக் கோட்டைவிட்டால் நான்காம் படியை மறுபடி ஒரு மாதம் நடத்துங்கள். வினை வால்களே தப்பிப்போகின்றன என்றால் தயங்காமல் இரண்டாம் படிக்குத் திரும்பி, அந்தப் பத்து நிமிடக் காதுப் பயிற்சியை மீண்டும் தொடங்குங்கள்: "தே வாக் ஹோம்", "தே வாக்ட் ஹோம்".